நாடகம் வேலூருக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த ஆண்டு நான் பார்த்த நவீன நாடகங்கள் எல்லாமே சென்னையில்தான். முடிந்ததும் நடிகர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூட நிற்காமல், காட்பாடி ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்கு ஓட வேண்டும். ஆனாலும் போனது வீணில்லை. ஒரு நாடகத்தில் மேடையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். நடிகர் அதைக் கவிழ்த்துத் தோளில் தூக்கியதும் அது பிணமாகிவிட்டது! அரங்கில் ஒரு செருமல் இல்லை. வேறு சிலவற்றில் புகையும் வெளிச்சமும்தான் மிச்சம். வசனம் காதில் விழவே இல்லை.

1977-இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குத் தெருக்கூத்து சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். புரிசை நம் பழைய வட ஆற்காட்டு ஊர். இங்கிருந்து போன கலையைப் பார்க்க நாங்கள் சென்னைக்கு அலைவது என்ன நியாயம்? வேலூர்க் கல்லூரிகள் மாதம் ஒரு மாலை தங்கள் அரங்கைத் திறந்துவிடட்டும். டிக்கெட் வாங்கி வர நாங்கள் தயார்.

- நாடக ரசிகர், சத்துவாச்சாரி, வேலூர்