நான்கு நிமிடம்

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

ஏழு மாதமாக எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்குக் கட்டைவிரல் காட்டியதையெல்லாம் கடிதக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் இனிப்புநீர் ஏறி இறங்குகிறது. தே தாரேக் பால் டீயைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் டாக்டரைக் குறைத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். நம் மாமாக் சாப்பாட்டுக் கடை, அதே மூலை மேசை. வெளியே மழை கொட்டுகிறது. ஒரே ஒரு இடி. கடையில் மின்விசிறி நின்றது, டிவி நின்றது, தெருவே இருண்டது. எதிரே நாற்சந்தியில் டிராபிக் லைட் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கரண்ட் போனால் விளக்கைத் தாங்க, சாலையோரப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி நான் பூட்டியதல்லவா! பக்கத்து மேசைக்காரரைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். கரண்ட் போனது விளக்குகளை மாற்றிவிடும் கன்ட்ரோலருக்கே தெரியக் கூடாது, தெரிந்தால் அது முதலிலிருந்து எழுந்து உட்காரும், அதனால் கண் சிமிட்டுவதற்குள் பேட்டரிக்கு மாற வேண்டும் என்றெல்லாம். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினார். நான் சொல்லி முடிக்கவில்லை, நான்கு பக்கமும் ஒன்றாக அணைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே ஊகிக்கலாம். முதல் ஒரு நிமிடம் எல்லாரும் மரியாதையாக நின்றார்கள். பிறகு ஒரு லோரி மூக்கை நீட்டியது, பின்னாலேயே பஸ், இடைவெளியிலெல்லாம் மோட்டோக்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு நடுவில் போய் நின்று கை காட்டினேன். சிரிக்காதே. உன் ஜப்பான் குடை இல்லை, இது நல்ல குடை. பத்து நிமிடம் ஓரளவு கேட்டார்கள். அப்புறம் சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், பஸ்ஸைச் சுற்றி வந்தவன் காரில் மோதி விழுந்தான். கணுக்கால் முறிவு. பொட்டலத்திலிருந்து சிதறிய மீ கோரேங் நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், ஆர்டர் கென்சல் பண்ணணும்" என்கிறான். ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. அதுவும் அதே சந்திப்பைத் தாண்டித்தானே வர வேண்டும்.

இரவு தூக்கமே வரவில்லை. 1996 ஞாபகம் வந்தது. ஆகஸ்டு 3, சனிக்கிழமை. பாக்கா மின்நிலையத்தில் கோளாறு, தீபகற்பம் முழுக்க இருட்டு. உன் கப்சாய் மோட்டோவில் இரண்டு பேரும் புடுவிலிருந்து செந்தூல் வருவதற்குள் அந்தோணி கல்யாண விருந்தே முடிந்துவிட்டது. அன்றைக்கு எந்த விளக்கும் எரியவில்லை, பேட்டரியில் எரிய வைக்க நினைத்திருந்தாலும் கட்டுப்படியாகியிருக்காது. பழைய குண்டு பல்பு ஒவ்வொன்றும் சுமார் நூறு வாட் தின்னும். பதினாறு தலை (மூவர்ண விளக்குக் கூடு) உள்ள சந்திப்பில் எந்த நேரமும் பதினாறு பல்பு எரியும், ஆக 1600 வாட். எல்இடி வந்த பிறகு ஒரு தலைக்கு 10, 15 வாட் போதும். கன்ட்ரோலரையும் சேர்த்தால் முந்நூறு சொச்சம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கை வரிசையாகக் கோத்தால் காகிதக் கணக்கில் பத்து மணி நேரத்துக்கு மேல் வரும். விரயத்தையும் கிழடு தட்டுவதையும் பாதியாகக் கழித்தாலும் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். சக்தி குறையும்போது மஞ்சளை மட்டும் சிமிட்ட வைத்தால் இன்னும் நீளும்.

ஐந்து மணி நேரம் எங்கே, நான்கு நிமிடம் எங்கே?

மறுநாள் காலையில் போனேன். அந்த விளக்குகளை நான் வேலை செய்த குத்தகைக் கம்பெனிதான் இன்னும் பார்க்கிறது, பெயர் வேண்டாம். வேனில் வந்த தம்பிக்கு என்னை அடையாளம் தெரிந்தது, பெட்டியைத் திறந்து காட்டினான். நான்கு பேட்டரியும் வயிறு உப்பிப்போய் இருந்தன. மேலே மார்க்கரில் தேதி. என் எழுத்து, மாரி. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. ஈய பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு எழுதிய கணக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதி போய்விடும். நம் வெயிலில் சாலையோர இரும்புப் பெட்டிக்குள் 45 டிகிரி சாதாரணம். ஐந்து வருடம் என்று ஒட்டியிருந்தால் கால்வாசிதான், பதினைந்து மாதம். ஆக அது செத்து வெகு நாளாகிவிட்டது.

அப்படியென்றால் யாரும் பார்க்கவில்லையா? அதுதான் கதை. கதவின் உள்பையில் பராமரிப்புத் தாள் இருந்தது. மாதா மாதம் 'பேட்டரி' என்ற கட்டத்தில் 54.2, 54.1, 54.3 வோல்ட். நான் ஓய்வு பெறும்வரை என் கையெழுத்து, அதற்குக் கீழே அந்தத் தம்பியின் கையெழுத்து, எண்கள் மட்டும் மாறவே இல்லை.

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரை வைத்தால் செத்த பேட்டரியும் அதே எண்ணைத்தான் காட்டும், ஏனென்றால் அது சார்ஜரின் வோல்டேஜ். மெயின் சுவிட்சைத் தட்டி, விளக்கு முழுவதையும் அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டி, ஒவ்வொன்றாக அளந்தால்தான் சோதனை. அது எனக்குத் தெரியாதா? உனக்கும் எனக்கும் தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் முதல் மாதமே சொன்னதுதான். ஆனால் ஒரு வேனுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சந்திப்பு. ஒவ்வொன்றிலும் அரை மணி நின்றால் பொழுது போதுமா? அதோடு பயம் வேறு. சுவிட்சைத் தட்டி, விளக்கு அணைந்து, நடுப்பகலில் நெரிசலாகிவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் மீட்டரை வைத்தேன், எண்ணை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம். அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு வேலை பழக்கிவிட்டதே நான்தான்.

அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. குடை பிடித்த அங்கிள் என்று நினைத்து நன்றி சொல்கிறான்.

உன் மகனிடம் இதைச் சொன்னேன். கலிஃபோர்னியாவில் அணைந்த சிக்னலுக்கு வந்தால் நான்கு பக்கமும் நிறுத்தற்பலகை இருப்பதாக நினைத்து நின்று, முறை வைத்துப் போக வேண்டுமாம், அதுதான் சட்டமாம். நல்ல ஏற்பாடுதான். நம் ஜாலான் ஈப்போவில், மாலை மழையில், ஆளுக்கு ஒன்றாக முறை வைத்துப் போகிறார்களா என்று அவனை ஒரு நாள் வந்து நின்று பார்க்கச் சொல்.

என்னைக் கேட்டால் எல்லாச் சந்திப்பிலும் பேட்டரி வைக்கவே வேண்டாம். சின்னச் சந்திப்புகளை மனிதர்களே சமாளித்துக்கொள்வார்கள். சிலவற்றை இடித்துப் புலாத்தான், அதாவது ரவுண்டானா, போட்டால் கரண்டே தேவையில்லை. ஆறு வழி வந்து விழும் சந்திப்பு, பள்ளிக்கூட வாசல், ஜாலான் பகாங் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி, இவற்றுக்கு வைத்துவிட்டு, வைத்ததை உருப்படியாகச் சோதித்தால் போதும். ஞாயிறு விடியற்காலையில் சுவிட்சைத் தட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? பெட்டிக்கு நிழல் தகடு ஒன்று, காற்றோட்டம், முடிந்தால் வெயிலைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும் லித்தியம் பேட்டரி. விலை அதிகம்தான். அதைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க நல்ல பூட்டும் வேண்டும். செம்புக் கம்பியையே விட்டுவைக்காத ஊர் இது.

முந்தாநாள் அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். தாளில் என் கையெழுத்து இருக்கும் பக்கங்களையும் சேர்த்து மேலதிகாரியிடம் கொடு என்றேன். "அண்ணே, உங்களுக்கும் பிரச்சினை வருமே" என்றான். பென்ஷனே இல்லாதவனிடம் எதைப் பிடுங்கப் போகிறார்கள் என்று சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் கை நடுங்கியது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீயும் தங்கச்சியிடம் வாய் திறக்காதே, அடுத்த நிமிடம் பட்டர்வொர்த்திலிருந்து செந்தூலுக்குச் செய்தி வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அவனும் நானும் நம் வட்டாரத்தில் ஏழு பெட்டி பார்ப்பதாக ஏற்பாடு. மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டான், கெட்டிக்காரன். நீ எப்படியும் சனிக்கிழமை அக்கா பேத்தியின் காது குத்துக்கு வருகிறாய். வரும்போது கரண்ட் அளக்கும் உன் கிளாம்ப் மீட்டரை எடுத்து வா, என்னுடையதில் டிசி, அதாவது பேட்டரி கரண்ட், காட்டாது. இரவு இங்கேயே தங்கு. நான்கரைக்கு எழுப்புவேன், முனகக் கூடாது.

இப்படிக்கு,
ராசு

பி.கு.: பெனாங்கு ஜாதிக்காய் இரண்டு பாக்கெட். டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.