அகத்தியர்கூடம் போகிறவர்களுக்கு: தங்க இடம், மற்ற விவரம்

குழு நண்பர்களுக்கு வணக்கம். கேரளத்தில் இருக்கும் அகத்தியர்கூடம் மலையேற வனத்துறை அனுமதி கிடைத்தவர்கள் எல்லாரும் தங்குமிடம் பற்றியே கேட்கிறீர்கள்.

நடை தொடங்கும் போணக்காட்டில் தங்க லாட்ஜ் தேட வேண்டாம், மூடிக்கிடக்கும் தேயிலைத் தோட்டம்தான் அங்கே. முந்தின இரவு பக்கத்து ஊரான விதுரையில் தங்குங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு பொன்முடி மலைவாசஸ்தலம் நல்லது. நீங்கள் மலையேறும் நாட்களில் அவர்கள் கல்லாறு மீன்முட்டி அருவி பார்த்துக்கொள்ளலாம். களியக்காவிளையிலிருந்து வருகிறவர்கள் திருவனந்தபுரம், நெடுமங்காடு வழி பஸ்ஸில் வாருங்கள்.

காலையில் வனத்துறை சோதனையில் அடையாள அட்டை, மருத்துவச் சான்று கேட்பார்கள். பிளாஸ்டிக் கவர் இருந்தால் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், பிஸ்கட்டை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. பாதி தூரம் நிழலும் ஓடையுமாக ஜாலியாகப் போகும். அப்புறம் வெயில் கொளுத்தும் புல்மேடு, அது முடிந்ததும் முட்டிடிச்சான் ஏற்றம். அங்கே வீராப்பு வேண்டாம், மூச்சு வாங்கினால் உட்காருங்கள். முகாமில் கூட்டாகத்தான் படுக்கை. கஞ்சியும் பயறும் சூடாகக் கிடைக்கும். ராத்திரிக் காற்று ஊசியாய்க் குத்தும், ஸ்வெட்டர் கட்டாயம்.

மறுநாள் 1868 மீட்டர் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிறு பிடித்து ஏற வேண்டும். ஈரமென்றால் ஏறலாமா என்பதில் வனக்காவலர் சொல்வதே முடிவு. மேலே அகத்தியர் சிலை உண்டு. அன்றைக்கும் இரவு அதிருமலையில்தான், மூன்றாம் நாள் இறக்கம்.

ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் மூக்குப்பொடியும் மறக்காதீர்கள்.