ஆற்றோரப் பூங்காவை நகர சபைக்குக் கொடுக்கப்போகிறார்கள்

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கமலாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. விடிய நான்கு மணிக்கே அவள் அறையில் விளக்கு எரிகிறது.

உனக்கு ஒரு பெரிய சேதி இருக்கிறது. நம் ஆற்றோரப் பூங்காவை நகர சபைக்கே உரித்தாக்கிக் கொடுக்கப்போகிறார்கள். இத்தனை காலமும் அது கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் காணி. ஊஞ்சல் சங்கிலி அறுந்தால்கூட அங்கே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன மழைக்கு ஆற்றுப் பக்கத்து வேலி சரிந்தது. இன்னும் அங்கே நான்கு மூங்கிலும் ஒரு கயிறும்தான்.

செய்தியைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பச்சை வாசல்தான். சிறுவயதில், சம்பளம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து வந்தோம். “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?” என்று காவற்காரர் பிரம்பை ஓங்கினார். கம்பிக்கு வெளியே நின்று, மற்றப் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழி முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அரசாங்கத்தின் பூங்கா என்றால் அது நம்முடையது இல்லை என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

அதனால் கைமாறுவதை நான் மனதார வரவேற்கிறேன். கொழும்புக் கதவை நம்மால் தட்ட முடியாது. நகர சபைத் தவிசாளரைச் சந்தையில் வழிமறித்துக் கேட்கலாம். நுவரெலியா விக்டோரியா பூங்காவைப் பார். முன்னர் அது ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் ஆய்வு நிலம். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று மாநகர சபைதான் அதைப் பராமரிக்கிறது. பஸ் சத்தத்துக்கு நடுவிலும் பனிக்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வந்து தங்குகின்றன. உள்ளூர்ச் சபையின் கையில் ஒரு பூங்கா வாழும் என்பதற்கு எனக்கு அது போதும்.

ஆனாலும் வெறும் உறுதிப் பத்திரம் மட்டும் கைமாறினால் ஆபத்து என்று நினைக்கிறேன். 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. செயலாளர்களே நிர்வாகம் பார்த்தார்கள். அப்படி ஒரு நேரத்தில், வருமானம் வேண்டும் என்று பூங்காவில் பாதியை வாகனத் தரிப்பிடமாக்கினால் யார் தடுப்பது?

இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே விளையாடும் பிள்ளைகளில் பாதிப்பேர் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்பவர்கள். அவர்களுடைய தாய் தகப்பன் வாக்களிப்பது நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்களைப் பார்க்கும் பிரதேச சபைக்கு. நகர சபை எல்லைக்குள் அவர்கள் இல்லை. பிரதேச சபையும் நம் ஆட்களை எவ்வளவு காலம் எட்டி வைத்திருந்தது! தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை போராட வேண்டியிருந்தது. நாளைக்கு நகரத்தாருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம் என்று பலகை மாட்டினால், நம்மை நிறுத்திய அதே வாசலில் நம் பேரப்பிள்ளைகளும் நிற்பார்கள். அதற்கு நான் விடமாட்டேன்.

இப்போது உன் உதவி வேண்டும். கனடாவில் உன் வின்ட்சர் நகரத்துக் கரையிலிருந்து ஆற்றின் நடுவே பெல் ஐல் தீவு தெரியும் என்று எழுதியிருந்தாயே, டெட்ராய்ட் நகரத்தின் பூங்கா. 2013இல் அந்த நகரம் வங்குரோத்தானது; மறுவருடமே மிச்சிகன் மாநிலம் தீவை முப்பது வருடக் குத்தகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கியது. இங்கே நடப்பதற்கு நேர் எதிர்த் திசை. ஆனால் எனக்குப் பிடித்தது ஒன்று: நிலம் இன்றும் நகரத்துக்கே சொந்தம், நிர்வாகம் மட்டும்தான் மாநிலத்திடம். காருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், நடந்து போகிறவனுக்குக் கட்டணம் இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும்: காணி என்றைக்கும் பூங்காவாகவே இருக்க வேண்டும், வாசலில் சேரும் பணம் பூங்காவுக்கே செலவாக வேண்டும், தோட்டத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே வாசல், ஒரே கட்டணம்.

பூங்காத் தோட்டக்காரர் மாரிமுத்துவின் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக நாட்சம்பளம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. நேற்றுப் போனபோது கொட்டிலில் உட்கார்ந்து டேலியாக் கிழங்குகளை மணல் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் சிகரெட் அட்டைத் துண்டு கட்டி, சிவப்பு, வெள்ளை, ஊதா என்று பென்சிலால் எழுதியிருந்தார். “சபை வந்தால் என்னை வைத்துக்கொள்வார்களா ஐயா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை நகர மண்டபத்தில் கூட்டம். தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதி முடித்துவிட்டோம். இதுவரை நூற்றுப்பத்துக் கையெழுத்து. அந்தப் பெல் ஐல் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று கிடைத்தால், கட்டணம் பற்றிய பக்கங்களையாவது புதன்கிழமைக்குள் மின்னஞ்சலில் அனுப்பு. கமலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கவேல்