கட்டணமில்லாத கதவு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சூதாட்ட வருமானத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸைச் சீனாவின் மக்காவ் 2006-இல் முந்தியதும், 2010-இல் சிங்கப்பூர் இரண்டு கேசினோக்களுடன் போட்டியில் இறங்கியதும், 2025-இல் எதிர்க்கரையான இலங்கையின் கொழும்பில் பெரிய கேசினோ ஒன்று திறக்கப்பட்டதும் நாளேடுகளில் வணிகச் செய்திகளாகவே வருகின்றன. தொண்டிக் கரையில் வசிக்கும் எங்களுக்கு அவை வீட்டுச் செய்திகள். சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் கேசினோவில் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வசூலிக்கிறது. அங்கே கூலி வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளுக்கோ அந்தக் கட்டணம் இல்லை. அப்படி உள்ளே போன என் தங்கை மகன் இரண்டு மாதச் சம்பளத்தை ஒரே இரவில் இழந்தான். அவனை அனுப்புவதற்காக அடகு வைத்த தாலிச் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. வெளிநாடு செல்வோருக்கான பயிற்சியில் இதைப் பற்றியும் அரசு கட்டாயம் எச்சரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.