ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவிகளை ஒருங்கிணைக்கக் கோரி மனு

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான உதவிகளை ஒரே கோப்பில், ஒரே பொறுப்பாளர் மூலம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. தாய் இறந்துவிட்டார். வெளியூர் வேலைக்குப் போன தந்தை திரும்பவே இல்லை. அவனையும் தங்கையையும் வளர்ப்பவர் நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி. அவருடைய மஞ்சள் பையில் மகளின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிக் கிடக்கின்றன. ஓர் அலுவலகத்தில் தந்தையின் வருமானச் சான்று கேட்கிறார்கள். இன்னோர் இடத்தில் தந்தையின் இறப்புச் சான்று கேட்கிறார்கள். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதருக்கு இவர் எந்தச் சான்றை வாங்குவார்? இதற்குள் பையன் லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய். 1098 உதவி எண், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாம் இருக்கின்றன. ஆனால் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் மாணவர் தகவல் பதிவில் இடைநின்ற மாணவனும், பாட்டியின் விண்ணப்பத்தில் உள்ள பேரனும், தொழிலாளர் துறை பார்க்க வேண்டிய பட்டறைப் பையனும் ஒருவனே என்பது எந்த மேசைக்கும் தெரியாது. கேட்டால் அவரவர் வேலையை முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை.

ஆகவே, இத்தகைய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வளர்ப்பவரிடம் எழுத்தில் தர வேண்டுகிறோம். ஒருமுறை கொடுத்த ஆவணங்களை எல்லாத் துறைகளும் ஏற்க வேண்டும். பெற்றோர் காணாமல் போன நேர்வுகளில், கிராம நிர்வாக அலுவலரும் பாதுகாப்பு அலகுப் பணியாளரும் நேரில் விசாரித்துத் தரும் அறிக்கையே போதும் என்று ஆணையிட வேண்டும். மாதம் ஒருமுறை கல்வி, காவல், சுகாதாரம், தொழிலாளர் துறையினரைத் தாங்களே அழைத்து, எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பெயர் பெயராக ஆராய வேண்டும். குழந்தைகள் இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியேறுபவர்களையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். 21 வயது வரை அவர்களுக்குப் பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பின்னான ஆதரவு, அளிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிசெய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அப்பா ஏன் விட்டுப் போனார்?" என்று வரிசையில் நிற்பவர்கள் காதுபட அந்தத் தங்கையிடம் கேட்டிருக்கிறார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணை தனியறையில், ஒரே முறை நடக்கட்டும்.

முதல் கூட்டத்திலேயே இம்மாணவனின் நிலையை எடுத்துக்கொண்டு, வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அவனை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவனுடைய விவரங்களைத் தங்கள் பார்வைக்கு மட்டும் தனி உறையில் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்