டிக்கியில் துப்பாக்கி, சட்டைப்பையில் உரிமம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வழியாகக் காரில் உரிமத் துப்பாக்கி கொண்டு போகிறவர்கள் தடுமாறுவது வண்டிச் சோதனையில்தான்.

இரட்டைக்குழல் என்றால், புறப்படும் முன் குழலை மடக்கித் திறந்து இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். உறையிலிட்டு டிக்கியில் வையுங்கள். தோட்டா தனிப் பெட்டியில். உரிமப் புத்தகத்தையும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள், வம்பே அதில்தான். அது சட்டைப்பையில் இருக்கட்டும். உரிமம் மாவட்டத்துக்கு மட்டுமா, மாநிலம் முழுவதுக்குமா, எத்தனை தோட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் கை காட்டினால் இன்ஜினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். "டிக்கியில உரிமத்தோட துப்பாக்கி இருக்கு சார்" என்று முதலில் வாயால் சொல்லுங்கள். எடுத்துக் காட்டப் பாய வேண்டாம். அவர் சொன்ன பிறகு டிக்கியைத் திறந்தால் போதும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி உரிமத்தைக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. வாக்குவாதம் வீண்.

வீடு திரும்பியதும் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தைக் கேன்வாஸ் உறிஞ்சி வைத்திருக்கும். குழலில் துரு ஏற நாளாகாது.

இப்படிக்கு,
வாசகர், உச்சிப்புளி