நஞ்சுக்கொடியைத் தூக்கி எறிவதற்கு முன்

பிரசவ அறையில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

நாம் நேரில் அதிகம் பார்த்துக்கொண்டதில்லை. பிறக்கும் முன்போ பிறந்த கையோடோ இறந்துபோன குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தேடுவது, குழந்தை நோயியல் மருத்துவரான என் வேலையில் ஒரு பாதி. மறுபாதி, உயிரோடு இருக்கும் குழந்தைகளுடையது: கட்டிகள், கல்லீரல் பயாப்சிகள், மலம் போகாத பச்சைக்குழந்தையின் குடலில் நரம்பணுக்கள் எந்த இடம்வரை இருக்கின்றன என்று அறுவை அரங்குக்கு அவசரமாகச் சொல்வது. அந்தப் பாதியில் எனக்குக் குறையில்லை.

என் குறை ஒரு ஜாடியைப் பற்றியது. குறுகிய வாய், அதற்குள் திணித்த ஒரு முழு நஞ்சுக்கொடி, மேலே இரண்டு விரல்கடை ஃபார்மலின், அதாவது திசு கெடாமல் வைக்கும் திரவம். வெளியே எடுத்தால் ஜாடியின் வடிவத்திலேயே நின்றது. உள்ளே ஃபார்மலின் போகவில்லை, நடுப்பகுதி அழுகியிருந்தது. கூட வந்த படிவத்தில் ஒரே சொல்: "நஞ்சுக்கொடி". அதுதான் எனக்கே தெரிகிறதே! எத்தனை வாரம், குழந்தையின் எடை என்ன, எதுவும் இல்லை. போன் செய்த பிறகுதான் தெரிந்தது, 36 வாரத்தில் வயிற்றிலேயே இறந்த குழந்தை.

வாரக் கணக்கு இல்லாமல் என்னால் வாசிக்க முடியாது. 28 வாரத்தில் இயல்பாக இருக்கும் திசு, 38 வாரத்தில் முதிராத திசு. நிறைமாதத்தில் ஏறக்குறைய அரை கிலோ இருக்க வேண்டிய நஞ்சுக்கொடி முன்னூறு கிராம் இருந்தால், அதிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

அந்தத் தாய் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: "அடுத்ததுக்கும் இப்படி ஆகுமா?" நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் ஓடும் இடைவெளிகளில் அழற்சி அணுக்கள் குவிவது ஒன்று, ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதம் படிந்து அடைப்பது இன்னொன்று. இரண்டும் அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரக்கூடியவை. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தூக்கி எறிந்துவிட்டால் அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பிரேதப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. "பெற்றோர் வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்று எழுதி அனுப்புகிறீர்கள். சரி, எதை வேண்டாம் என்றார்கள்? உடலைத் திறக்காமலே எக்ஸ்ரே எடுக்கலாம், அளக்கலாம், முகத்தைப் பார்க்கலாம். சிறுநீரகம் இல்லாமல் பிறந்த குழந்தைகளின் முகச்சாயலை 1946-இல் எடித் பாட்டர் என்ற நோயியல் மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் அந்த முகத்தைப் பார்த்ததும் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பற்றித்தான் முதலில் யோசிக்கிறோம். இவ்வளவு மட்டும் போதுமா என்று கேட்டால், பல பெற்றோர் சம்மதிக்கிறார்கள்.

அப்புறம், நஞ்சுக்கொடிக்கு ஃபார்மலின் வேண்டாம். அதில் போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, குரோமோசோம் சோதனைக்கு அணுக்களை வளர்க்கவும் முடியாது. ஃப்ரீசரும் வேண்டாம், உறைந்தால் அணுக்கள் சிதைந்துவிடும். அகலமான டப்பா, சாதாரண ஃப்ரிட்ஜ். நடு இரவாக இருந்தால் வாரத்தையும் எடையையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மீதியைக் காலையில் நான் போன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழந்தை நோயியல் மருத்துவர்